மாவள் மலைத் தண்ணீரும் நம் வீட்டு மீட்டரும்



மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது என்பது இன்று உலகம் முழுவதும் பேசப்படுகிற விஷயமாகிவிட்டது. நிலக்கரியா, அணுவா, ஆற்று நீரா, காற்றா, வெயிலா என்று சர்க்காரும் நிபுணர்களும் பத்திரிகைகளும் ஓயாமல் வாதாடுகிறார்கள். நிலக்கரிப் புகையால் பூமி சூடேறுகிறது, பருவமழை நிலை தவறுகிறது, தவறிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களைக் கழிக்கிற நம் குடும்பங்களுக்கு இதை யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் இந்த வாதங்களில் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. மின்சாரம் எதிலிருந்து வந்தாலும், அதற்காக எங்கோ ஒரு நிலமோ, மலையோ, ஆறோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. அந்தப் பேரம் யாரோடு நடந்தது? யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்கவில்லை?

நாம் சொல்ல வருவது இதுதான். நம் நாட்டில் மின்சாரப் பேரம் பத்திரம் வைத்திருப்பவனோடு நடக்கிறது. அந்த இடத்தில் உழுது, குடியிருந்து, வேர்வை சிந்துபவன் பேச்சில் சேர்க்கப்படுவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் புனேக்குப் பக்கத்து மலைகளில் நடந்தது அது. இன்று சூரிய ஒளி மின்சாரத்திலும் நடப்பது அதுவே. இதை மாற்றாமல் நிலக்கரியை விட்டு வெயிலுக்குப் போனால், புகை குறையலாம், அநியாயம் குறையாது.

"இதெல்லாம் மராட்டியர் விவகாரம், பிழைக்க வந்த நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். நாம் குடிக்கிற தண்ணீர் இந்த மலையிலிருந்து வருகிறது. நாம் கட்டுகிற மின் கட்டணம் இந்த மாநிலத்து முடிவுகளின்படி ஏறுகிறது. நம் பிள்ளைகள் இந்த ஊர் வெயிலில்தான் வளர்கிறார்கள். ஆகவே இது நம் விவகாரம்தான். கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

முள்ஷியில் நடந்தது

புனேயில் சேனாபதி பாபட் சாலை என்று ஒரு பெரிய சாலை உண்டு. நம்மில் பலர் அந்தச் சாலையில் கட்டட வேலைக்கும், அலுவலகக் காவல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் தினமும் போய் வருகிறோம். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

புனேக்கு மேற்கே சஹ்யாத்திரி மலையடுக்கில் இருப்பது முள்ஷி. மாவள் பகுதி என்று சொல்வார்கள். அங்கே நெல் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் மாவளர்கள். சிவாஜியின் படையில் நின்றவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அவர்களே. அங்கே நீலா, மூலா ஆறுகள் கூடுமிடத்தில் அணை கட்டி, தண்ணீரை மலைக்கு மேற்குப் பக்கம் திருப்பிக் கீழே விழச் செய்து, மின்சாரம் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்புவது டாட்டா கம்பெனியின் திட்டம். 1915இல் கோபோலியிலும், 1922இல் பிவ்புரியிலும் இவ்வாறே மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின. மூன்றாவது முள்ஷி. பம்பாயின் பஞ்சாலைகளுக்கும் ரயிலுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. அதற்காக மூழ்க வேண்டியவை சுமார் ஐம்பது கிராமங்கள்.

மாவளர்களைக் கேட்காமலே நிலத்தில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். 1921 ஏப்ரல் 16, ராமநவமியன்று, பாண்டுரங்க மகாதேவ் பாபட் முதலியோர் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வேலை நடக்கும் இடத்துக்குச் சென்று உட்கார்ந்தார்கள். வேலை நின்றது. காந்தியடிகளும் 'யங் இந்தியா' பத்திரிகையில் அவர்களுக்கு ஆதரவாக எழுதினார். ஆனால் அன்றைய பம்பாய் சர்க்கார் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து கம்பெனிக்கு நிலத்தை எடுத்துக் கொடுத்தது. போராட்டம் மறுபடி மறுபடி எழுந்தது. ஆண்களோடு பெண்களும் சிறை சென்றார்கள். கடைசியில் 1924இல், அணை வேலைக்கு ஓடிய ரயிலை மறித்ததற்காக பாபட்டுக்கு ஏழாண்டுச் சிறை. அணை எழுந்தது. 1927இல் பீராவில் மின்சாரம் பிறந்தது. மலைக்கு மேலே ஊர்கள் தண்ணீருக்குள் போயின.

உலகத்தில் பெரிய அணைக்கு எதிராக மக்கள் திரண்ட முதல் போராட்டங்களில் ஒன்று இது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பெருமையை விட, இது ஏன் தோற்றது என்பதே நமக்குப் பாடம். கம்பெனியிடம் பணமும் சர்க்காரிடம் போலீசும் இருந்தன என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மாவளில் ஏர் பிடித்தவன் மாவளன். ஆனால் பல நிலங்களின் பத்திரமோ, அடமானச் சீட்டோ புனே நகரத்து நிலக்காரர், வட்டிக்காரர் பெட்டியில் இருந்தது. நல்ல நஷ்ட ஈடு கிடைத்தால் நிலத்தைக் கொடுத்துவிட அவர்கள் தயாராக இருந்தார்கள். பேரம் அவர்களோடு முடிந்தது. ரூபாயும் பெரும்பாலும் அவர்களிடம் போனது. உழுதவனுக்குக் கிடைத்தது வெளியேறும் வழி.

பத்திரம் ஒருவரிடம், வாழ்க்கை இன்னொருவரிடம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. இன்றைய நம் வீட்டு மீட்டர் வரைக்கும் இது நம்மைத் தொடர்ந்து வரும்.

மின்சாரம் பகை அல்ல

இவ்வளவும் சொல்வதால் நாம் மின்சாரத்துக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். ரயில்வேயில் வேலை செய்கிற நாம் அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லா வரை ஓடியது. 1930இல் தக்காண ராணி புனேக்கும் பம்பாய்க்கும் மின்சாரத்தில் ஓடத் தொடங்கினாள். அதற்கு முன்னால் போர்காட் ஏற்றத்தில் நீராவி எஞ்சின்கள் திணறின. முப்பத்தேழு அடி போனால் ஓரடி ஏறுகிற பாதை அது. கரி அள்ளிப் போட்ட பயர்மேன் குகைக்குள் புகையைக் குடித்தான். மின்சாரம் அவன் நுரையீரலைக் காத்தது.

இன்றும் கர்ஜத்தில் பின்னாலிருந்து பேங்கர் எஞ்சின்கள் தள்ளித்தான் வண்டிகள் லோணாவளாவுக்கு ஏறுகின்றன. புதிய வகை மின் எஞ்சின்கள் இறக்கத்தில் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பிக் கம்பிக்கே அனுப்புகின்றன. நாடு முழுவதும் அகலப்பாதை அநேகமாக மின்மயமாகிவிட்டது. நாம் சொந்த ஊருக்குப் போகிற சோலாப்பூர், வாடி, குண்டக்கல் பாதையும் அண்மை ஆண்டுகளில் முழுதும் கம்பிக்குக் கீழே வந்துவிட்டது. டீசல் புகை குறைந்தது நல்லதே. பெட்டியில் விசிறி சுற்றுவதும், வீட்டில் நம் பெண்கள் மாவரைக்கக் குந்தியிருக்க வேண்டாததும், பிள்ளைகள் விளக்கில் படிப்பதும் மின்சாரம் தந்த நன்மைகளே.

ஆனால் நன்மை உண்டு என்பதாலேயே கணக்குக் கேட்கக்கூடாது என்று ஆகிவிடாது. மளிகைக் கடையில் அரிசி நல்லதென்றாலும் எடை பார்த்துத்தானே வாங்குகிறோம்?

தண்ணீர் எங்கே போனது?

தாபோடியிலும் கட்கியிலும் இருக்கிற நம் குடும்பங்கள் தினமும் பார்க்கிற ஆறு மூலா. தேஹு ரோடு பக்கம் இருப்பவர்கள் பார்ப்பது இந்திராயணி. இரண்டும் மேற்கு மலையில் பிறந்து கிழக்கே ஓடி, பீமா ஆற்றில் சேர்ந்து, பண்டரிபுரம் கடந்து, கிருஷ்ணையோடு கலந்து வங்கக் கடலுக்குப் போக வேண்டியவை. இயற்கை வகுத்த வழி அது.

மூலாவின் தலைநீர் முள்ஷி அணையில் நிற்கிறது. இந்திராயணியின் தலைநீர் லோணாவளா, வல்வண் ஏரிகளில் நிற்கிறது. அங்கிருந்து குகை வழியாகவும் குழாய் வழியாகவும் மேற்கே இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, கொங்கணத்து ஆறுகளில் விழுந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பீராவிலிருந்து வெளியேறும் நீரே குண்டலிகா ஆறாக ரோஹா பக்கம் ஓடுகிறது. மும்பைக்கு அவசரமாக மின்சாரம் வேண்டியபோது சில நிமிடங்களில் கொடுக்கக்கூடியது இந்த நீர்மின் நிலையங்களின் சிறப்பு. கோபோலி, பிவ்புரி, பீரா மூன்றும் சேர்ந்து 447 மெகாவாட்.

மறுபக்கத்தில் என்ன? பீமா வடிநிலத்தில் சோலாப்பூர் மாவட்டம் வறட்சிக்குப் பேர் போனது. எங்கள் ஆற்றின் நீரை எங்களுக்கே விடுங்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து பலமுறை குரல் எழுந்திருக்கிறது. புனேயில் கோடை வந்தால் மூலாவில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவு நீர். இதற்கு மின்சாரத் திட்டம் மட்டும் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சுத்தப்படுத்தாமல் விடுகிற சாக்கடையும் பெரும் காரணம். ஆனாலும் ஒரு ஆற்றின் தலையைத் திருப்பிவிட்டு, அதன் உடல் ஏன் வாடுகிறது என்று கேட்பதில் பொருளில்லை. அன்று ஒரு கம்பெனியும் ஒரு வெள்ளைக்கார சர்க்காரும் செய்த முடிவு நூறு ஆண்டு கழிந்தும் எத்தனையோ குடும்பங்களின் குடத்தைத் தொடுகிறது என்றால், மின்சாரத் திட்டத்தில் எடுக்கும் முடிவு எத்தனை தலைமுறைக்கு என்று பாருங்கள்.

மறுபடியும் மாவள்

இனி இன்றைய நிலை. மகாராஷ்டிரத்து மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சந்திரபூர் மக்கள் அந்தச் சாம்பலையும் வெப்பத்தையும் சுமக்கிறார்கள். நம் வடசென்னையில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதை அந்தப் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் தெரியும். ஆகவே நிலக்கரியைக் குறைத்தாக வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

வெயிலும் காற்றும் வர வேண்டும். ஆனால் வெயில் மாலையில் இறங்கிவிடும். எல்லார் வீட்டிலும் விளக்கு எரிவதும், வேலை முடிந்து வந்து சமைப்பதும் அதற்குப் பிறகுதான். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க ஒரு வழி உண்டு. மலை மேல் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஓர் ஏரி. பகலில் மிஞ்சிய மின்சாரத்தால் கீழ் ஏரித் தண்ணீரை மேலே ஏற்றுவது, மாலையில் திறந்துவிட்டு மின்சாரமாகத் திரும்ப எடுப்பது. நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். கிணற்றிலிருந்து இறைத்து மேட்டுத் தொட்டியில் நிரப்பிவைத்து, வேண்டும்போது மடையைத் திறக்கிற கணக்குத்தான்.

இதற்கு உயரமான மலையும் ஏரியும் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? அதே சஹ்யாத்திரியில். 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிர சர்க்காரும் டாட்டா பவர் கம்பெனியும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. புனே மாவட்டத்துச் சிராவட்டாவில் 1,800 மெகாவாட், ராய்கட் மாவட்டத்துப் பிவ்புரியில் 1,000 மெகாவாட். மொத்தச் செலவு சுமார் 13,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இது போன்ற ஒப்பந்தங்கள் வேறு பல கம்பெனிகளோடும் மலைத்தொடர் நெடுகப் பேசப்படுகின்றன.

இந்தத் திட்டங்கள் கூடவே கூடாது என்பது நம் வாதமல்ல. பழைய ஏரிகளையே பயன்படுத்தினால் புதிதாக மூழ்கும் நிலம் குறையலாம். நிலக்கரியை நிறுத்த இவை உதவவும் கூடும். ஆனால் நாம் கேட்பது: கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவள் கிராம சபைகளைக் கூட்டினார்களா? காடு எத்தனை, பாதை எத்தனை, பாறை வெடிப்பு எத்தனை, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கை மராட்டியில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டினார்களா? ஒப்பந்தம் முதலிலும் மக்கள் பிறகும் என்றால் முறை மாறவில்லை என்றுதானே பொருள்?

புனேயில் பிறந்த விஞ்ஞானி மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி 2011இல் கொடுத்த அறிக்கை இதைத்தான் வற்புறுத்தியது. மலையைக் காப்பதானாலும் திட்டம் போடுவதானாலும் கிராம சபையிலிருந்து தொடங்குங்கள் என்றது. இந்தப் பக்கத்து மலைமேட்டில் வந்த காற்றாலைத் திட்டத்தில், சரிவில் பாதை வெட்டிய விதத்தால் காடும் நீரோடைகளும் கெட்டதையும் அது எடுத்துக் காட்டியது. காற்றாலை புகை கக்குவதில்லை. ஆனாலும் கேட்காமல் வெட்டிய பாதை மலையைச் சரிக்கும். அந்த அறிக்கை பல மாநில சர்க்கார்களுக்குப் பிடிக்கவில்லை. கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு 2013இல் அதைக் குறைத்து எழுதியது.

நெய்வேலியும் தாபோலும்

"கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்வான், சர்க்கார் நடத்தினால் சரியாகிவிடும்" என்று சொல்கிற தோழர்கள் உண்டு. நாமும் பொதுத்துறையின் பக்கம் நிற்பவர்களே. ஆனால் பொதுத்துறை என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறும் போட்டது. ஆயினும் 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? முன்னமே எடுத்த நிலம் என்று சொல்லி, வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இயந்திரங்களை இறக்கினார்கள். நீதிமன்றம் தலையிட்டுப் பயிருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும். அதைக் கூடக் கேட்டறிய ஆள் இல்லை. சொந்த ஊர் கடலூர் மாவட்டமாக உள்ள நம் அங்கத்தினர்களுக்கு இது செய்தித்தாள் செய்தி மட்டுமல்ல.

இன்னொரு பேச்சு: "இதெல்லாம் நிபுணர்கள் முடிவு செய்ய வேண்டியது, பாமரனுக்கு என்ன புரியும்?" இதற்கு மகாராஷ்டிரமே பதில் சொல்லியிருக்கிறது. 1993 டிசம்பரில் மின்வாரியம் அமெரிக்காவின் என்ரான் கம்பெனியின் தாபோல் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்தது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கான நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெரிய பெரிய நிபுணர்கள் போட்ட கையெழுத்து அது. இதே புனேயில் பிரயாஸ் என்ற சிறு குழு அந்தக் கணக்கை உட்கார்ந்து படித்து, இது வாரியத்தை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தது. ரத்னகிரி மாவட்டத்து மக்கள் தடியடி பட்டார்கள். 1995இல் ரத்தான ஒப்பந்தம் மறுபேச்சில் திரும்பி வந்தது. 1999இல் மின்சாரம் வந்தது. விலை தாங்காமல் 2001இல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலானது. கூட்டல் கழித்தல் தெரிந்தவன் படித்தால் புரிகிற கணக்குதான் அது. படிக்க விடவில்லை என்பதுதான் குற்றம்.

நம் வீட்டு மீட்டர்

இப்போது நம் அறைக்கு வருவோம்.

பிம்பிரியிலும் போசரியிலும் எரவாடாவிலும் நம் குடும்பங்கள் பல, ஒரே கட்டடத்தில் நாலைந்து அறைகளாகப் பிரித்த வாடகை வீட்டில் இருக்கின்றன. மீட்டர் ஒன்று, அது வீட்டுக்காரர் பெயரில். உள்ளே தனித்தனியாகக் கிளை மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதே விலை.

மகாவிதரண் என்கிற மின் வினியோகக் கம்பெனியின் கட்டணம் அடுக்கு அடுக்காக உள்ளது: மாதம் 100 யூனிட் வரை ஒரு விலை, 101 முதல் 300 வரை வேறு, 301 முதல் 500 வரை வேறு, அதற்கு மேல் வேறு. இரண்டாம் அடுக்கின் விலை முதல் அடுக்கைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குறைவாக எரிக்கும் ஏழைக்குக் குறைந்த விலை என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு குடும்பம், ஆளுக்கு 80 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் நாலு குடும்பமும் முதல் அடுக்குக்குள் அடங்கும். ஒரே மீட்டர் என்பதால் மொத்தம் 320 யூனிட். முதல் 100 மட்டும் குறைந்த விலை. அடுத்த 200 இரண்டாம் அடுக்கு. கடைசி 20 மூன்றாம் அடுக்கு. ஏழைக்கென்று வைத்த சலுகை ஏழை அறையின் வாசலில் நின்றுவிடுகிறது. காரணம், மீட்டரும் பத்திரத்தைத்தான் பார்க்கிறது.

சூரிய மின்சாரமும் அப்படியே. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்தால் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் என்பது அதன் விளம்பரம். இத்திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கூரை யாருடையது? ஊரில் ஓட்டு வீடு, இங்கே வாடகை அறை. நாலு குடும்பம் வாடகை கொடுத்துக் கட்டிய கட்டடத்தின் கூரையில் தகடு வந்தால், மானியம் வீட்டுக்காரருக்கு, குறைந்த பில்லும் வீட்டுக்காரருக்கு. நம் கிளை மீட்டரில் விலை குறையும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முள்ஷியில் நஷ்ட ஈடு யாருக்குப் போனதோ, இன்று மானியமும் அதே வழியில் போகிறது. ஒன்று வெள்ளைக்காரன் காலம், இன்னொன்று சுதந்திர நாடு. ஒன்று அணை, இன்னொன்று வெயில். பேரத்தின் முறை மட்டும் அப்படியே.

நாம் என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்லி முடிப்பது சங்கத்தின் வேலையல்ல. நம்மால் ஆகக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தனி மீட்டர். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் கொடுக்கவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு மின்சாரம் மறுக்கக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இது கருணை அல்ல, உரிமை. ஒருவர் தனியே போய்க் கேட்டால் வீட்டைக் காலி செய் என்ற மிரட்டல் வரலாம். ஒரு சந்தில் இருக்கிற எல்லாக் குடும்பமும் சேர்ந்து, சங்கத்தின் துணையோடு விண்ணப்பித்தால் அப்படி மிரட்டுவது எளிதல்ல. வாடகை ரசீது, ஒப்பந்தப் பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார் முதலியவற்றின் நகல்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, கூரை இல்லாதவனுக்கும் வெயிலில் பங்கு. ஓரிடத்தில் வைத்த சூரியத் தகட்டின் மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களின் கணக்கில் பிரித்து வரவு வைக்க முடியும். டெல்லியில் 2019இலேயே அதற்கு விதி செய்தார்கள். பள்ளிக்கூடக் கூரை, ரயில்வே ஷெட், மாநகராட்சிக் கட்டடம், சந்தைக் கூரை எத்தனை சும்மா கிடக்கின்றன! அவற்றில் தகடு வைத்து, சிறு மீட்டர்க் குடும்பங்களின் பில்லில் கழியுங்கள் என்று புனேயிலும் பிம்பிரி சிஞ்ச்வடிலும் கேட்போம். அந்தத் தகடுகளைப் பொருத்துகிற வேலையை நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக் கொடுங்கள் என்றும் கேட்போம். கயிறு கட்டாமல் கூரையேறும் ஒப்பந்தக் கூலியாக மட்டும் அவர்கள் இருக்கக்கூடாது.

மூன்றாவது, விசாரணைக்குப் போவது. கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்துகிறது. எழுதிக் கொடுக்கலாம், நேரில் பேசலாம். கம்பெனிகளின் வக்கீல்கள் தவறாமல் வருகிறார்கள். ஒரு மீட்டரில் நாலு குடும்பம் என்ற நம் கணக்கை அங்கே சொல்ல நம்மைத் தவிர யார் போவார்கள்? மராட்டி தெரிந்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால் போதும்.

நான்காவது, மாவளர்களோடு நிற்பது. மும்பை முழுவதும் சோற்று டப்பா சுமக்கிற டப்பாவாலாக்களில் பெரும்பாலோர் இந்த மாவள், முள்ஷி, கேட், ஜுன்னர் பக்கத்து மக்கள். நிலம் போதாமல் பிழைக்கப் போனவர்கள். தஞ்சாவூரையும் விழுப்புரத்தையும் திருநெல்வேலியையும் விட்டு வந்த நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? வந்தவன், இருந்தவன் என்று நம்மைப் பிரித்துப் பேசுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஏர் பிடிப்பவன், மாடு மேய்ப்பவன், குத்தகைக்காரன், கூலி ஆகிய எல்லாரையும் பாதிக்கப்படுவோர் பட்டியலில் சேர், கிராம சபை ஒப்பாமல் கையெழுத்துப் போடாதே என்று அவர்கள் கேட்கும்போது, புனேத் தமிழனும் பக்கத்தில் நின்று அதையே கேட்டால், பிரித்துப் பேசுகிறவன் வாய் தானே அடையும். நாம் கேட்பதும் வேறல்ல. பத்திரத்தோடு மட்டும் பேசாதே, வாழ்கிறவனோடும் பேசு என்பதே.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், இங்கே ஏன் இல்லை என்று நம் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மீட்டரே நம் பெயரில் இல்லாதபோது எந்த இலவசமும் நம்மிடம் வந்து சேராது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் கடைசி மூன்று மாதத்தில் மின்சாரத்துக்குக் கொடுத்த பணத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எத்தனை யூனிட், யூனிட்டுக்கு என்ன விலை, ஒரே மீட்டரில் எத்தனை குடும்பம் என்ற மூன்றும் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மனு ஆகும்.